இஞ்சியும் புல்லும் கொதித்தால் அது ஏன் ‘டீ’ ஆக வேண்டும்?

2025 டிசம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் ஒரு விளக்கம் வெளியிட்டது. கமேலியா சினென்சிஸ் என்னும் தேயிலைச் செடியிலிருந்து பெறப்படாத எந்தப் பானத்தையும் ‘டீ’ என்ற பெயரால் விற்கலாகாது. உறையின்மேல் ‘ஹெர்பல் டீ’, ‘ஃபிளவர் டீ’, ‘ரூய்போஸ் டீ’ என அச்சிடுவது பிழையான பெயரிடல் எனக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 52ஆம் பிரிவு இத்தகைய குற்றத்துக்கு 3 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது.

இதைக் கேட்டு ‘மரபுப் பானத்தின்மீது கைவைக்கிறார்கள்’ என்று பதறுவோரும், ‘கஷாயத்தை டீ என்று விற்றவர்களுக்கு நன்றாக வேண்டும்’ என்று மகிழ்வோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இஞ்சியும் எலுமிச்சைப்புல்லும் இட்டுக் காய்ச்சிய நீருக்கு ‘டீ’ என்பது இயற்பெயர் என்று இரு தரப்பும் நம்புகின்றன. அந்த நம்பிக்கை எவ்வளவு அண்மையது, யாரால் உண்டாக்கப்பட்டது என்பதைப் பேச வேண்டியவர்கள் கல்விப்புலத்தார். அவர்களோ ‘ஹெர்பல் டீ’ என்ற ஆங்கிலத் தொடரை ‘மூலிகைத் தேநீர்’ என்று மொழிபெயர்த்து, ஆய்வேட்டின் தலைப்பில் வைத்து, கடமை முடிந்தது என்று ஒதுங்கிவிட்டனர்.

அரசும் இதில் தெளிவாக இருந்ததில்லை. 2020 மார்ச் இறுதியில், கொரோனா ஊரடங்கின் தொடக்கத்தில், ஆயுஷ் அமைச்சகம் மக்களுக்கு ஓர் அறிவுரை வழங்கியது. துளசி, இலவங்கப்பட்டை, மிளகு, சுக்கு, உலர்திராட்சை சேர்த்துக் காய்ச்சிய நீரை நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ பருகலாம் என்றது. அந்த நீருக்கு அறிவுரையில் இடப்பட்ட பெயர்களுள் முதலாவது ‘ஹெர்பல் டீ’. ‘காடா’ என்ற இந்திச் சொல் அதன் பின்னாலேயே வந்தது. ஓர் அமைச்சகம் தன் வாயாலேயே இட்ட பெயரை ஐந்தே முக்கால் ஆண்டுகளுக்குப்பின் இன்னோர் ஆணையம் குற்றம் என்கிறது. இரண்டுக்கும் இடையே அந்தப் பெயரை நம்பி உறை அச்சிட்ட சிறு உற்பத்தியாளரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

‘தேநீர்’ என்ற சொல்லே ஒரு விந்தை. தென்சீனத்தின் ஹொக்கியன் வழக்கில் ‘தே’ எனப்பட்ட செடியின் பெயர் டச்சு வணிகர் வழியே ஐரோப்பாவுக்குச் சென்று ‘டீ’ ஆயிற்று. தரைவழி சென்ற ‘சா’ என்ற ஒலி ‘சாய்’ ஆயிற்று. தமிழ் அந்தத் ‘தே’யோடு ‘நீர்’ என்பதைச் சேர்த்துக்கொண்டது. தெலுங்கும் அவ்வாறே ‘தேனீரு’ என்று ஆக்கிக்கொண்டது. சித்தூரில் நடக்கும் அரசு விழாவின் அழைப்பிதழில் ‘தேனீட்டி விந்து’ என்று தெலுங்கிலும், எல்லைக்கு இப்பால் திருத்தணியில் ‘தேநீர் விருந்து’ என்று தமிழிலும் ஒரே பானத்துக்கு ஒரே வகையான பெயர் வழங்குவதைக் காணலாம். சொல் ஒன்றாயினும் அதன் அகவை மிகக் குறைவு. 1930களின் பொருளாதார மந்தத்தில் ஏற்றுமதி சரிந்து தேயிலை தேங்கியபோது, இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் சந்தைகளிலும் ஆலை வாயில்களிலும் இரயில் நிலையங்களிலும் இலவசக் கோப்பைகளை நீட்டியது. தேநீர் தயாரிக்கும் முறையை வட்டார மொழிகளில் எழுதிய எனாமல் பலகைகளைத் தொங்கவிட்டது. தமிழ்ச் சமூகத்தில் காப்பியும் தேநீரும் நுழைந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் எழுதியுள்ளார். அதைப் படித்த மாணவர்கூட, சுக்குக் கஷாயத்துக்கு ‘டீ’ என்ற பட்டம் ஏன் தேவைப்பட்டது என்று கேட்பதில்லை. நேற்று வந்த விருந்தாளியின் பெயரை வீட்டுக்காரருக்குச் சூட்டிவிட்டு, இன்று அந்தப் பெயர் அவருக்கு உரியதன்று என்று வழக்காடுகிறார்கள்.

மக்கள் வழக்கில் இவ்வகைப் பெயர்மாற்றம் உண்டே என்று ஒருவர் மறுக்கலாம். உண்டு. ‘சுக்குக் காப்பி’யில் பெரும்பாலும் காப்பிக்கொட்டை இராது, ‘மல்லிக் காப்பி’யிலும் இராது. சித்தூர்ப் பக்கத்தில் ‘சொண்டி காப்பி’ என்பார்கள். அங்கே காப்பி என்பது காலையில் சூடாகக் குடிக்கும் எதற்கும் பொதுப்பெயராகிவிட்டது. அதைக் கேட்டு வாங்கும் எவரும் ஏமாறுவதில்லை. உறையிலிடப்பட்ட ‘லெமன்கிராஸ் ஜிஞ்சர் டீ’ வேறு வகை. அதில் தேயிலைத் தூள் எவ்வளவு, புல் எவ்வளவு, செயற்கை மணம் எவ்வளவு என்பது பெயரைக் கேட்டுத் தெரியாது. உறைக்கு ஆணையம் விதி வகுத்ததில் தவறில்லை. பேச்சுவழக்குக்கும் வணிகப்பெயருக்கும் உள்ள இந்த வேற்றுமையை விளக்கியிருக்க வேண்டிய மொழியியலாளர் வாய்திறக்காததே குறை.

இனி, அடுக்களைக்கு வருவோம். திருப்பதியின் கோடையில் புல்தொட்டி வாடும். மழை விழுந்தால் ஒரே மாதத்தில் விளிம்பு கடந்து வழியும். விதை தேவையில்லை, அண்டை வீட்டுத் தூரிலிருந்து வேரோடு பிரித்த ஒரு கிளை போதும். இந்தச் செடிக்கு விலை இல்லாமல் இருந்ததே அதன் பெருமை. இஞ்சியைப் பெருவிரல் அளவு எடுத்து, தோல் சீவி, சிறு உரலில் தட்டி, இரண்டு தம்ளர் நீரில் இட்டு ஏழெட்டு நிமிடம் கொதிக்கவிடுவார்கள். புல்லின் இலை மூன்று நான்கை, கையை அறுக்கும் விளிம்பைப் பார்த்துப் பிடித்து, கத்தரித்தோ முடிச்சிட்டோ அடுப்பை அணைத்தபின் போட்டு மூடிவைப்பார்கள். ஐந்து நிமிடம் கழித்து வடித்து, சித்தூர் மண்டியிலிருந்து வந்த வெல்லத்தில் ஒரு துண்டு சேர்ப்பார்கள். வெல்லம் சேர்த்தபின் எலுமிச்சை பிழிவதா வேண்டாமா என்பது மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே தீராத வழக்கு. அதில் ஆய்வுலகம் தலையிடத் தேவையில்லை.

இந்தச் செய்முறையின் வரிசையைக் கவனிக்க வேண்டும். இஞ்சி கொதிக்கிறது, புல் கொதிப்பதில்லை. புல்லின் மணத்துக்கு முதன்மைக் காரணம் சிட்ரால். ஜெரானியல், நெரால் என்னும் இரண்டின் கலவையான அது எளிதில் ஆவியாகும். திறந்த பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் தெரு மணக்கும், தம்ளர் மணக்காது. இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் அவ்வாறு பறந்துபோவதன்று. நீருக்குள் இறங்க அதற்குச் சூடும் நேரமும் வேண்டும். சூட்டில் அதன் ஒரு பகுதி நீர்மூலக்கூறை இழந்து ஷோகாலாகவும், உடைந்து இனிய மணமுள்ள ஜிஞ்சரோனாகவும் மாறும். சுக்கு பச்சை இஞ்சியைவிடக் காரமாக இருப்பதற்கும் இந்த ஷோகாலே காரணம். வேதியியல் படிக்காத கை இந்த வரிசையைக் கண்டுகொண்டது மூக்கின் துணையால்.

மூக்கின் துணையால் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால் அதுவும் அரைகுறை. மருந்தியல் மரபில் இந்த இரு செயல்களுக்கும் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. ஆயுர்வேதம் ‘பஞ்சவித கஷாய கல்பனை’ என்று ஐந்து வடிவங்களை வகுக்கிறது: பிழிந்த சாறு சுவரசம், அரைத்த விழுது கல்கம், காய்ச்சி வடித்தது குவாதம், குளிர்நீரில் ஊறவிட்டது ஹிமம், கொதிநீரில் இட்டு மூடிவைத்து வடித்தது பாண்டம். சாரங்கதர சம்ஹிதை இவற்றை விளக்கும். அடுப்பில் கொதிக்கும் இஞ்சி குவாதம். அணைத்தபின் இடும் புல் பாண்டம். சித்த மருத்துவம் அக மருந்துகளை 32 என வகுக்கும்போது சுரசம், சாறு, குடிநீர், கற்கம் எனத் தொடங்குகிறது. குடிநீரின் ஆற்றல் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம் மட்டுமே என்றும் வரையறுக்கிறது. நிலவேம்புக் குடிநீரும் கபசுரக் குடிநீரும் இந்த வகைப்பெயரைத் தமிழ்நாட்டின் தெருமுனை வரை கொண்டுசேர்த்தன. ஆக, ‘இன்ஃபியூஷன்’, ‘டிகாக்‌ஷன்’ என்ற வேற்றுமை ஐரோப்பிய மருந்தியல் தந்த கொடை என எண்ணும் மாணவர்க்குச் சொல்லவேண்டியது: அந்த வேற்றுமை இங்கே ஏற்கெனவே இருந்தது, ‘மூலிகைத் தேநீர்’ என்ற ஒற்றைச்சொல் வந்து அதை அழித்தது. ‘டீ’ என்றதும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைக்கும் பழக்கம் பெருகியது இதற்குச் சான்று.

பெயர்களின் இழப்பு இன்னும் ஆழமானது. ‘எலுமிச்சைப்புல்’ என்பது ‘லெமன்கிராஸ்’ என்பதன் நேர்ச்சொல். தெலுங்கின் ‘நிம்மகட்டி’யும் அப்படியே. மலையாளத்தில் இதற்கு ‘இஞ்சிப்புல்’ என்று பெயர். தமிழ் அகராதிகளில் இவ்வினத்து மணப்புற்களுக்குச் ‘சுக்குநாறிப்புல்’ என்ற பெயர் பதிவாகியுள்ளது. புல்லை முகர்ந்தவர் அதில் இஞ்சியை உணர்ந்திருக்கிறார். அந்த உணர்வு பிழையன்று. பச்சை இஞ்சியின் எண்ணெயிலும் சிட்ரால் உண்டு. ஆங்கிலம் எலுமிச்சையைக் கண்ட இடத்தில் இம்மண் இஞ்சியைக் கண்டது, இரண்டும் மெய். சங்கப் பாடல்களில் வரும் நரந்தம், நரந்தை என்பதையும் இங்கே நினைக்கலாம். புறநானூற்றின் 132ஆம் பாட்டில் கவரி மேயும் நறும்புல்லாக அது வருகிறது. பின்னாளில் நாரத்தை என்ற பழப்பெயரோடும் அது உறவுடையதாகப் பேசப்படுகிறது. அது இந்தப் புல்லேதான் என்று அடித்துச் சொல்வது ஆர்வக்கோளாறு. ஆயினும், நறும்புல்லையும் புளிப்புக்கனியையும் மணத்தால் இணைத்துப் பார்க்கும் வழக்கம் பற்றி ஒரு நல்ல ஆய்வேட்டுக்கு அங்கே இடமுண்டு. இஞ்சியும் புல்லும் சேர்ந்த கலவையை ‘புதிய சுவை’ என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்தை நகையாடுவதற்குமுன், தன் அகராதியைத் தானே திறந்து பார்க்காத தமிழ்த்துறையை நகையாட வேண்டும். ‘ஜிஞ்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் ‘இஞ்சிவேர்’ என்று மேடைதோறும் முழங்குவோர், சுக்குநாறிப்புல் என்ற சொல்லை மேடைக்குப் பின்னால் விட்டுவிட்டார்கள்.

சித்தூரையும் திருப்பதியையும் எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது; சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் தங்கின. எல்லைக்கோடு வீடுகளின் அடுக்களைக்குள் செல்லவில்லை. அங்கே ஒரே வீட்டில் கடைக்காரரிடம் ‘அல்லம்’ என்று கேட்டு வாங்கிவந்ததை உள்ளே நுழைந்ததும் ‘இஞ்சி’ என்று அழைப்பார்கள். சொண்டியும் சுக்கும் ஒரே டப்பாவில் இருக்கும். இரு மொழிக்கும் பொதுவாக நிற்கும் சொல் ‘கஷாயம்’. அதே திருப்பதியில் 1954இல் தொடங்கிய வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் உண்டு; 1983இல் தொடங்கிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் உண்டு; வேளாண்மைக் கல்லூரி உண்டு; தேவஸ்தானத்தின் ஆயுர்வேதக் கல்லூரி உண்டு. குப்பத்தில் திராவிட மொழிகளுக்கென்றே 1997இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் உண்டு. ஒரு தம்ளர் நீரை மொழியாக, வேதியியலாக, மருந்தாக, உணவாக, பயிராக ஆராய ஒரு வட்டாரத்துக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்? ஆனால் துறைகளின் மொழி வேறு வேறு. உணவியல் மாணவி ‘இன்ஃபியூஷன்’ என்கிறாள். ஆயுர்வேத மாணவர் ‘பாண்டம்’ என்கிறார். இருவரும் விடுமுறைக்கு வீடு திரும்பி, பாட்டி கொடுக்கும் கஷாயத்தைக் குடித்துவிட்டு, அதுவே தாங்கள் படித்த பொருள் என்பதை அறியாமல் திரும்புகிறார்கள்.

இந்த வெற்றிடத்தில்தான் ‘நச்சுநீக்கம்’, ‘நோய் எதிர்ப்பாற்றல்’, ‘கொழுப்புக் கரைப்பு’ போன்ற சொற்கள் குடியேறின. உடலின் நச்சை நீக்கக் கல்லீரலும் சிறுநீரகமும் உள்ளன. புல்லுக்கு அந்த வேலை இல்லை. எலுமிச்சைப்புல் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை சோதனைக்குழாயிலும் எலிகளிலும் செய்யப்பட்டவை. அவற்றில் பயன்பட்டது செறிந்த எண்ணெயோ சாறோ. மூன்று இலை மிதந்த தம்ளர் அன்று. இஞ்சியின் நிலை சற்று மேல். கருவுற்ற பெண்களின் குமட்டலுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் இஞ்சிப்பொடி உதவுவதை மனிதரிடம் நடந்த பல சோதனைகள் ஆதரிக்கின்றன. அதே இஞ்சி, இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து உட்கொள்வோர் மருத்துவரிடம் சொல்லாமல் மிகுதியாக எடுக்கக்கூடாத பொருள்; நெஞ்செரிச்சல் உள்ளவர்க்கு எரிச்சலைக் கூட்டவும் கூடும். இவ்வளவே உறுதியாகச் சொல்லத்தக்கது. இதற்குமேல் எழுதும் ஆய்வுக்கட்டுரையின் முடிவுரைக்கும் உறையின் பின்புற வாசகத்துக்கும் வேறுபாடு காண்பது அரிது.

மறுபுறம், அறிவியலின் பெயரால் எள்ளுவோர். இலக்கு தவறிய எள்ளல் அது. இந்தப் பானத்தின் மிக உறுதியான நன்மை அதில் இல்லாத ஒன்றில் இருக்கிறது. அதை எள்ளுவோரும் விற்போரும் பேசுவதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) ஆந்திரத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு இரத்தசோகை இருப்பதைக் காட்டியது. தேயிலையின் டானின்கள் கீரை, பருப்பு, தானியங்களில் உள்ள இரும்பு உடலில் சேர்வதைத் தடுப்பவை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டி, உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீரையும் காப்பியையும் தவிர்க்கச் சொன்னது. காலை இட்லியோடும் மாலை முறுக்கோடும் நான்கு முறை பால் டீ குடிக்கும் பெண், அதில் இரண்டை இஞ்சிப்புல் நீராக மாற்றினால் காஃபீன் குறையும், சர்க்கரை தன் கையில் இருக்கும், தேயிலை டானினும் குறையும். இதிலும் மிகைக்கு இடமில்லை: பெப்பர்மின்ட் போன்ற சில மூலிகை நீர்களும் இரும்பைத் தடுப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன, ஆகவே எதுவாயினும் உணவோடு சேர்க்காமல் இடைவேளையில் பருகுவதே தகும். எளிய இந்தச் செய்தி எந்த உறையிலும் இல்லை. ‘எதையும் செய்யாத நல்ல நீர்’ என்று அச்சிட்டால் 100 கிராம் 300 ரூபாய்க்கு விற்காது அல்லவா?

உறை என்றதும் பெயர்ச் சிக்கல் மீண்டும் முன்னே வந்து நிற்கிறது. சித்தூரில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழு புல்லை நிழலில் உலர்த்தி, சுக்கோடு இடித்து, சிறு பொட்டலமாக விற்க முனைகிறது என்று கொள்க. ‘டீ’ என எழுதினால் பிழையான பெயரிடல். ‘கஷாயம்’ என்றோ ‘குடிநீர்’ என்றோ எழுதினால், இது உணவா மருந்தா என்ற அடுத்த வினா எழும். மருந்து எனில் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் உரிமம் வேண்டும். ‘ஆயுர்வேத ஆகாரம்’ என்ற 2022ஆம் ஆண்டு விதிமுறையின் நிழலில் ஒதுங்கலாம் என்றால், அங்கே செய்முறை ஏற்கப்பட்ட பழைய நூல்களுள் ஒன்றில் இருக்க வேண்டும். பாட்டியின் வாய்மொழி அந்த நூற்பட்டியலில் இல்லை. எஞ்சியிருப்பது ‘உரிமையாளர் உணவு’ என்ற வகை. யாருக்கும் உரிமை இல்லாமல் வேலியோரம் வளர்ந்த புல்லுக்கு அப்படி ஒரு பெயர். இதற்கெல்லாம் மேலாக, 2020ஆம் ஆண்டின் உறைவிதிகளின்படி விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ இருந்தாக வேண்டும். பிற மொழி கூடுதலாக இடம்பெறலாம். அதாவது, தெலுங்கில் கேட்டு, தமிழில் காய்ச்சி, இரு மொழியிலும் ‘கஷாயம்’ என்று குடித்த பொருள், சித்தூர்ச் சந்தையில் சட்டப்படி நிற்க வேண்டுமானால் முதலில் ஆங்கிலமோ இந்தியோ பேச வேண்டும். ‘டீ’ என்ற சொல் போனதற்காகக் கண்ணீர் வடிக்கும் பேராசிரியர்கள் இந்த விதியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஆணையத்தின் அறிவிப்புக்குப்பின் உறைகளை மாற்றி அச்சிடும் பெரிய நிறுவனங்கள் ‘இன்ஃபியூஷன்’ என்ற சொல்லை நோக்கி நகர்வது எளிது. அவற்றிடம் வழக்கறிஞரும் வடிவமைப்பாளரும் உள்ளனர். அந்தச் சொல் இரண்டு ஆண்டுகளில் பாடநூலுக்குள் நுழையும். அப்போது தமிழில் அதற்கு ஒரு நேர்ச்சொல் தேடிக் குழு கூடும். அக்குழுவின் மேசைமேல் வைக்கப்படும் கோப்பைகளில் வழக்கம்போலப் பால் டீயே இருக்கும். கூட்டக் குறிப்பில் மட்டும் அது ‘தேநீர்’ என்று பதிவாகும்; அந்த ஒன்றுக்கு அந்தப் பெயர் முற்றிலும் பொருந்தும்.